பூஜ்ஜியத்துக்குக் கீழே

எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக் குடுவைகளையும் கலர் கலராகப் புகையையும் எதிர்பார்த்து வருவார்கள். இங்கே இருப்பது ஒரு ஏசி அறை, இரண்டு வாஷிங் மெஷினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரத்துக்கு ஒரு கருவி, அதன் எதிரே ஒரு நாற்காலி, நாற்காலியில் இடுப்பு வலிக்குத் தலையணை வைத்துக்கொண்டு நான். தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கக் கூடாததைத் தேடுவது என் வேலை. பழைய காலத்து விஷங்களுக்கு நிறம் இருந்தது, நாற்றம் இருந்தது, நாக்கில் வைத்தால் தெரிந்தது. இப்போது வருகிறவற்றுக்கு அந்த மரியாதை கூடக் கிடையாது. நாம் விழுங்கிய மாத்திரையின் மிச்சம், துணிச் சாயம், எண்ணெய் ஒட்டாத சட்டியின் பூச்சு, மழைக்கோட்டின் பூச்சு என்று எல்லாம் சத்தமில்லாமல் வந்து கரைந்திருக்கும். தேடினால்தான் அகப்படும். தேடாத வரைக்கும் ஊரில் எல்லாத் தண்ணீரும் சுத்தம்தான்.

என் தங்கை குடியிருக்கும் காலனிக் கிணற்றில் அகப்பட்டது நுரை மருந்து. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நாங்கள் நுரை மருந்து என்றுதான் சொல்வோம். காலனிக்குப் பின்னால் தீயணைப்புப் பயிற்சி மைதானம் ஒன்று இருந்தது. வருஷக்கணக்கில் பழைய டயரைக் கொளுத்துவதும் நுரை அடித்து அணைப்பதுமாக இருந்தார்கள். டயர் அணைந்துவிட்டது. நுரை மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இது மக்காது, வெயிலில் சாகாது, கொதிக்க வைத்தால் ஆவியாகாது. உடம்புக்குள் போனால் சீக்கிரத்தில் வெளியே வராது. விருந்தாளியாக வந்து பங்காளியாகத் தங்கிவிடுகிற ஜாதி.

கண்டுபிடித்தவள் நான்தான். அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டேன். அவள் அப்போது மாசமாக இருந்தாள்.

"கிணத்துத் தண்ணிய இனிமே வாயில வைக்காதே. லாரித் தண்ணி மட்டும்தான். வாய் கொப்பளிக்கிறதுக்கும் அதுதான். காய் கழுவுறதுக்கும் அதுதான்."

பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காதவள் இதை மட்டும் எழுத்துக்கு எழுத்து கேட்டாள். கிணற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள். டவுனிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் கேன் கேனாகத் தூக்குவார். படியின் திருப்பத்தில் ஒரு கேனை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார். அந்த இடத்தில் சுவரில் அவர் தோள்பட்டையின் அழுக்கு படிந்து ஒரு கறை இருக்கிறது. குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, வாண்டு என்று பெயர் வாங்கியது. கேன் மட்டும் நின்றபாடில்லை.

இதற்கிடையில் சுத்தம் செய்யும் வேலையும் நடந்தது. மைதானத்து மேல் மண்ணை ஆழமாகத் தோண்டி லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். கிணற்று மேட்டில் ஆள் உயரத்துக்கு இரண்டு தொட்டி வைத்து, அதில் கரி நிரப்பி, தண்ணீரை அதற்குள் விட்டு எடுத்தார்கள். ஒவ்வொரு தடவை மாதிரி எடுக்கும்போதும் அளவு இறங்கியது, ஆனால் குடிக்கலாம் என்று வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே வரவில்லை. கரியை மாற்றினார்கள். மறுபடி பார்க்கலாம் என்றார்கள். நாங்களும் மறுபடி பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கடைசி மாதிரிக்கு முந்தின வாரம் தங்கை போனில் சொன்னாள்.

"அக்கா, இந்த வாட்டியும் நல்ல ரிசல்ட் வரலைன்னா நாங்க கிளம்பிடுறோம். அவரோட அண்ணன் ஊர்ல கீழ் வீடு காலியா இருக்காம். வேலையும் பார்த்து வச்சிருக்காராம்."

"அவ்வளவு தூரமா?"

"அவருக்கு முதுகு போயிடுச்சுக்கா. ராத்திரி புரண்டு படுக்க முடியல. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான். எனக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, முடிந்தும் போனது, அதை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அந்த மூன்று மாடியும் ஏறி, வாண்டு என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்க, தங்கை என்னைத் திட்டிக்கொண்டே சாப்பாடு போட, அதில்தான் என் வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இங்கே எங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கருவி எழுதிக் காட்டுவது ஒரு கோடு. நுரை மருந்து இருந்தால் கோடு அந்த இடத்தில் முட்டிக்கொண்டு எழும்பும். ஒவ்வொரு நாளும் காலையில் மாதிரிகளுக்கு முன்னால் எங்கள் சுத்திகரிப்பானில் பிடித்த வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்ப்போம். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் இரண்டு வருஷத்துக்கும் மேலாக அதில் ஒரு சின்ன மேடு வந்துகொண்டிருந்தது. நாங்கள் பயப்படவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம். இந்தக் கருவிக்குள் இருக்கும் குழாய்களே அந்தச் சட்டிப் பூச்சு மாதிரி ஒரு பொருளில் செய்தவை. அவையே கொஞ்சம் உதிர்க்கும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அந்த மேட்டுக்கு நான் மாமியார் என்று பெயர் வைத்தேன். எந்நேரமும் வீட்டில் இருப்பார், விரட்ட முடியாது, அனுசரித்துப் போக வேண்டியதுதான். மாதிரியில் வரும் அளவிலிருந்து மாமியாரைக் கழித்துவிட்டு மீதியை எழுதுவோம். எங்கள் தலைவர் காலையில் உள்ளே வரும்போதே, "மாமியார் சௌக்கியமா?" என்று கேட்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கையெழுத்து. என்ன நீட்டினாலும் போடுவார்.

மாதிரி எடுத்துவரும் ஆளுக்குப் பெயர் நனைஞ்ச கோழி. மழைக்கோட்டில் இதே மருந்து பூசியிருப்பதால், நுரை மருந்து மாதிரிக்குப் போகும்போது அவர் மழைக்கோட்டுப் போடக் கூடாது. கையில் கிரீம் தடவக் கூடாது. எண்ணெய் ஒட்டாத தாளில் சுற்றிய தின்பண்டத்தைத் தொடக் கூடாது. அன்றைக்கு நல்ல மழை. காலனிக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே நின்றார்.

"உங்க தங்கச்சி மேலேருந்து பார்த்துட்டே நின்னாங்க. குடை வேணுமான்னு கேட்டாங்க. வேணாம், சாம்பிள் கெட்டுடும்னேன். இந்த மனுஷனுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க."

மறுநாள் காலையில் அந்த மாதிரியை ஓட்டினேன். மாமியாரைக் கழித்தேன். விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே வந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். மறைப்பானேன், கண் கலங்கிவிட்டது. கிணறு திறக்கும். அவர்கள் போக மாட்டார்கள். கையெழுத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மைனஸ்னா பூஜ்ஜியம்தானேம்மா. 'இல்லை'ன்னு போட்டுக் கொண்டா. உன் தங்கச்சி வீட்டுக் கிணறு, நல்ல சேதி, நீயே கொண்டுபோய்ச் சொல்லு."

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் அது உறைத்தது. மாமியார் கருவியின் குழாயிலிருந்து வருகிறவர் என்றால் எந்தத் தண்ணீரை ஓட்டினாலும் அவர் வந்தாக வேண்டும். கிணற்றுத் தண்ணீருக்கென்று பாதி வழியில் இறங்கிக்கொள்ள மாட்டார். கிணற்று மாதிரியில் மேடு எல்லைக்கு வெகு கீழே, மாமியாரை விடவும் சின்னதாக இருந்தது. அப்படியானால் அவர் கருவியில் இல்லை. எங்கள் வெறும் தண்ணீரில் இருக்கிறார். எங்கள் வெறும் தண்ணீர் டவுன் குழாயிலிருந்து வருகிறது. சுத்திகரிப்பானின் வடிகட்டி காலாவதியாகி, புதியது கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்து, ஸ்டோர்காரர் எங்கிருந்தோ வாங்கிய மலிவுச் சரக்கில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற அழுக்கை எல்லாம் அது பிடிக்கும். இதை முழுசாகப் பிடிக்காது போலிருக்கிறது.

டவுனில் எத்தனை குழாய்களைச் சோதித்து 'எல்லைக்குள்' என்று எழுதியிருப்போம். ஊர்த் தண்ணீரிலிருந்து ஊர்த் தண்ணீரைக் கழித்தால் பூஜ்ஜியம் வராமல் வேறு என்ன வரும்.

சாப்பாட்டு நேரம் முழுக்க நான் சாப்பிடவில்லை. 'இல்லை' என்று எழுதி நீட்டினால் ஒரு தவறும் இல்லை, கிணறு உண்மையிலேயே சுத்தமாகிவிட்டது. வாண்டு நல்ல தண்ணீர் குடிக்கும். மாப்பிள்ளை முதுகு பிழைக்கும். மாமியார் விஷயத்தைக் கிளறினால் எங்கள் ஆய்வுக்கூடம் கொடுத்த எல்லா முடிவும் சந்தேகத்துக்கு வரும், கிணற்றின் முடிவும் சேர்ந்துதான். பூட்டு அப்படியே தொங்கும். தங்கை போய்விடுவாள். இதை எல்லாம் நான் நன்றாக யோசித்தேன். எழுதிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

பிறகு ஏன் எழுதவில்லை என்றால், அதை நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் களைப்பு. நாளைக் காலையிலும் வந்து, வெறும் தண்ணீரை ஓட்டி, அந்த மேட்டைப் பார்த்து, அது என்னவென்று தெரிந்தும் கழித்து, பக்கத்தில் யாராவது "மாமியார் வந்துட்டாங்களா?" என்று கேட்டால் சிரிக்க வேண்டும். அதற்கான தெம்பு என்னிடம் இல்லை.

கையெழுத்தின் அலமாரியில் சீல் வைத்த கண்ணாடி பாட்டிலில் சுத்தத் தண்ணீர் இருக்கும். யானை விலை என்பதால் அதை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். கேட்காமலே எடுத்தேன். ஓட்டினேன். கோடு மேசை மாதிரித் தட்டையாகப் போனது. மாமியார் வரவே இல்லை. அப்புறம் முகம் கழுவும் குழாயில் பிடித்து ஓட்டினேன். வந்தார், நாங்கள் தினமும் பார்ப்பதை விடப் பெரிதாக, எல்லையைத் தாண்டி.

இரண்டு கோடுகளையும் கையெழுத்தின் முன்னால் விரித்தேன். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார்.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கேம்மா."

"ஆமா சார்."

"நான் போனப்புறம் கிளம்பியிருக்கக் கூடாதா?"

"அது நம்மளைக் கேட்டா சார் கிளம்புது."

"உன் தங்கச்சி கிணறும் சேர்ந்து நிக்கும். யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

மேலிடத்துக்குக் கடிதம் தயாரித்து நீட்டினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "என் சர்வீஸ்ல படிச்சுட்டுப் போட்டது இது ஒண்ணுதான்" என்றார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும் எனக்கும்.

மேலிடம் சுறுசுறுப்பாக இருந்த ஒரே தடவை அது. வேறு ஊர் ஆய்வுக்கூடம் ஒன்று எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துச் சொல்லும் வரைக்கும் எங்கள் முடிவுகள் எதுவும் செல்லாது, கிணறு திறக்கக் கூடாது, ஏற்கெனவே உள்ள ஏற்பாடு தொடரலாம் என்று பதில் வந்தது. ஏற்கெனவே உள்ள ஏற்பாடு என்றால் அதே டவுன் குழாயில் பிடித்து வரும் லாரித் தண்ணீர். ஊரிலேயே சுத்தமான தண்ணீருக்குப் பூட்டு, மற்றதற்கு லாரி. படித்துவிட்டு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் நான் வந்து நின்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடத்தில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். வாண்டு ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து காரோட்டிக்கொண்டிருந்தாள்.

"வரலையா?" என்றாள் தங்கை.

"வந்துச்சு. கிணறு சுத்தம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

சொன்னேன். மாமியாரில் தொடங்கி லாரி வரைக்கும், ஒன்றையும் விடாமல். மாப்பிள்ளை பாதியில் உள்ளே வந்தார். கதவில் சாய்ந்து நின்று கேட்டார். முடித்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"மைதானத்து மண்ணை அள்ளிட்டுப் போனாங்களேக்கா, எங்க கொண்டுபோய்க் கொட்டினாங்க?"

"தெரியல மாப்பிள்ளை."

"லாரி எல்லாம் ஏரிப் பக்கம் போனதைத்தான் நான் பார்த்தேன். டவுனுக்கு அங்கேருந்துதானே தண்ணி வருது?"

மாமியார் முதலில் வந்தது மண் அள்ளிய பிறகா முன்பா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். அவர் தோளைத் தடவிக்கொண்டே உள்ளே போய்க் கட்டிலில் படுத்தார். கட்டில் கிறீச்சிட்டது.

தங்கை ஒரு பெட்டியின் மூலையை மடக்கி டேப் ஒட்டினாள். சரியாக ஒட்டவில்லை. பிரித்து மறுபடி ஒட்டினாள்.

"நீ இதைச் சொல்லாம விட்டிருந்தா கிணத்தைத் திறந்திருப்பாங்கதானே?"

"ஆமா."

"நாங்க போயிருக்க மாட்டோம்."

"ஆமா."

"நான் உன் இடத்துல இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்க்கா."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், சின்ன வயசிலிருந்து பழக்கம்தான்.

"என்னைக் கெட்டவள்னு நினைச்சுக்கோ. ஊர்ல இருக்கிறவங்களைப் பத்தி நினைக்க எனக்குத் தெம்பு இல்ல. இவ வயித்துல இருந்தப்போலேருந்து நீ சொன்னதைத்தான் குடிச்சேன். ஒரு வாய் மாத்திக் குடிக்கல."

"தெரியும்டி."

"பால் கொடுத்தேனே, அதுலயும் போயிருக்குமா?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் மூஞ்சியிலேயே அவள் படித்துவிட்டாள். தலையைக் குனிந்து டேப்பை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை.

"போற ஊர்ல தண்ணி எப்படி?" என்று கேட்டாள்.

"யாரும் தேடிப் பார்த்ததில்லை."

"கடைத் தண்ணி?"

"அதையும் இனிமேதான் பார்க்கணும்."

"நீ கூட வந்து பாரேன்."

"இங்க பாதியில விட்டுட்டு எப்படி வர்றது?"

"அதானே. நீ எப்பவும் அப்படித்தான்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பெட்டியை எடுத்தாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் ஒட்டினாள். சட்டி பானைகளை அதில் அடுக்கினோம். எண்ணெய் ஒட்டாத சட்டி ஒன்று கையில் வந்தபோது இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவள் அதைக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு, குப்பையில் போட்டால் அது எங்கே போகும் என்று என்னைக் கேட்டாள். திரும்ப எடுத்துப் பெட்டியிலேயே வைத்தாள்.

வாண்டு காரை நிறுத்திவிட்டுப் பெட்டியிலிருந்து இறங்கி வந்தாள். ஓட்டி ஓட்டி முகம் சிவந்திருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி" என்றாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சமையலறை வாசலில் காலையில் தூக்கி வந்த கேன்கள் வரிசையாக நின்றன. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"பெரிம்மா, தண்ணி" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

கடைசியில் தங்கைதான் எழுந்தாள். ஒரு கேனைச் சாய்த்து டம்ளரில் பாதி ஊற்றினாள். நான் தடுக்கவில்லை. தடுத்துவிட்டு வேறு எதை எடுத்துக் கொடுப்பது.

குழந்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து மூச்சு விடாமல் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள்.